ஒன்றரை கொண்டுவந்த பை

மந்தப்பாறையோடு பஸ் நின்றுவிடும், அதற்கு மேலே பூண்டு வயல்களும் அதற்கும் மேலே மேகமும்தான், ஆகவே அந்த ஊரில் வந்து இறங்குகிறவன் வேண்டுமென்றே வந்தவனாகத்தான் இருக்க வேண்டும், வேண்டுமென்றே வந்தவனுக்கு ஒரு காரியம் இருக்க வேண்டும், காரியத்தை வாய்விட்டுச் சொல்லாதவன் மேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்று அந்த ஊரார் நெடுங்காலமாக நினைத்துவந்தார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸிலிருந்து, கதவில் தலை இடிக்காமல் குனிந்து, தன் உயரத்தில் பாதி இருக்கும் நீலப் பையை முதுகில் சுமந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரன் இறங்கியபோது, சடையாண்டியின் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

ஊர்த்தலைவர் அங்குச்சாமி பேர் கேட்டார். அவன் "ஓந்த்ரேய்" என்றான்.

"ஒன்றரையா?"

ஆளும் ஒன்றரை ஆள் உயரம் இருந்ததால் அந்தப் பேர் அங்கேயே நிலைத்துவிட்டது. செக் நாட்டுக்காரன், முப்பது வயது, திருவண்ணாமலையில் இரண்டு மாதம் தங்கித் தமிழ் படித்திருந்தான், அதனால் பாடப் புத்தகம் பேசுவதுபோலப் பேசினான். ஆறு மாத விசாவில் மிச்சம் ஆறு நாள் இருக்கிறது, சனிக்கிழமை சென்னையில் விமானம், திங்கட்கிழமை ஊரில் அண்ணனுக்குக் கல்யாணம், அதுவரை மேகம் இருக்கும் இடத்தில் சும்மா இருக்கப்போகிறேன் என்றான். சும்மா இருப்பதற்காக ஒருவன் மலை ஏறி வருவான் என்பதை அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் நம்பவில்லை.

அவனுக்கு இடம் கொடுத்தவள் சடையாண்டியின் மனைவி வேலுத்தாய். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஓர் அறை ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அது அவர்களுடைய ஒரே மகள் தமயந்தியின் அறை. கேரட் லாரி ஓட்டிவந்த வேற்றுச் சாதிப் பையனோடு அவள் ஒரு நாள் காலையில் அதே லாரியில் ஏறிப் போய்விட்டாள், போனவள் ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஊரே சொன்னது, சொல்லிச் சொல்லி வேலுத்தாயும் அதை நம்பிவிட்டாள். அந்த அறையை அந்நியனுக்குக் கொடுப்பதில் சடையாண்டிக்கு இஷ்டமில்லை. "ஆறு நாள்தானங்க" என்று சொல்லி அவள் பூட்டைத் திறந்தாள்.

திங்கட்கிழமை காலை காலுறை எடுப்பதற்காக ஒன்றரை தன் பைக்குள் கையை விட்டான். கையில் வந்தது ஒரு பித்தளைப் படி. விளிம்பு நசுங்கிய பழைய படி. அடியில் "பே" என்று ஆணியால் கீறியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் நீட்டினான்.

"அம்மா, இது என்னுடையது அல்ல. ஆனால் என் பையில் இருந்தது."

வேலுத்தாய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேச்சிக்கா படியில்ல இது" என்றாள். பக்கத்து வீட்டுப் பேச்சி ஓடிவந்து படியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றரையை ஏற இறங்கப் பார்த்தாள். "இது இவங்கிட்ட எப்படி?"

செவ்வாய்க்கிழமை காலை பையில் ஒரு குதிரை மணி இருந்தது, ஒரு காது இல்லாத மூக்குக்கண்ணாடி இருந்தது, குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று இருந்தது, எண்ணெய்க் கறை படிந்த ரேஷன் கார்டும் இரண்டு குக்கர் விசிலும் இருந்தன. எல்லாம் மந்தப்பாறையில் தொலைந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஆள் இருந்தது. அங்குச்சாமி பையை ஊர் மந்தைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஊர் முழுவதும் கூடி நிற்க அதை உதறினார்கள், உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார்கள், தையலை நெருடிப் பார்த்தார்கள்.

"திருட்டுப்பய," என்றார் சடையாண்டி. அவ்வளவு சத்தமாக அவர் பேசி ஊர் கேட்டதில்லை. "வந்த அன்னைக்கே வீடு வீடா ஏறியிருக்கான். போலீசுக்குச் சொல்லுவோம்."

"ஏன்ணே, என் படி காணாமப் போயி ஒம்பது வருசமாச்சு," என்றாள் பேச்சி. "அப்ப இவன் எங்க இருந்தானோ."

"நான் திருடன் இல்லைங்க," என்றான் ஒன்றரை, கையைக் கூப்பிக்கொண்டு. அவனுடைய காதுகள் சிவந்திருந்தன. இந்த நாட்டில் ஆறு மாதமாக எத்தனையோ ஊரில் படுத்து எழுந்தவன், ஒருவரும் அவனைத் திருடன் என்று சொன்னதில்லை.

பையைச் சாவடியில் வைத்துப் பூட்டி, சாவியை அங்குச்சாமி இடுப்பில் முடிந்துகொண்டார், சாவடி வாசலில் மூன்று பேர் காவல் உட்கார்ந்தார்கள், ஒன்றரையின் அறை வாசலில் இரண்டு பேர். புதன்கிழமை விடிந்து திறந்தால் பை வாய்வரை நிரம்பியிருந்தது.

எப்படி என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. தொலைந்த பொருள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும், இவன் பையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஏன் என்றுதான் கேட்டார்கள். ஒருவன் சும்மா எதற்குக் கொண்டுவந்து கொடுக்கிறான், பதிலுக்கு எதை எடுத்துப் போகப்போகிறான் என்று ஒவ்வொரு வீட்டிலும் பானை சட்டியை எண்ணிப் பார்த்தார்கள், கோழிகளை எண்ணினார்கள், குதிரைகளின் வாயைத் திறந்து பல்லைக்கூட எண்ணினார்கள். எதுவும் குறையவில்லை. குறையவில்லை என்பதுதான் அவர்களை இன்னும் பயமுறுத்தியது. அங்குச்சாமிக்கு அவன் விடுதி கட்ட இடம் பார்க்க வந்த கம்பெனி ஆள் என்று தோன்றியது, பூசாரிக்கு அவன் தேர்தல் வேலையாக வந்தவன் என்று தோன்றியது. இருந்தாலும் இருவரும் வரிசையில் நின்றார்கள். வேலுத்தாயின் வாசலில் அன்று காலை அறுபது பேர் நின்றார்கள், ஆளுக்கு ஒரு தூக்குவாளியில் பலகாரம் வந்தது, யாரோ அவன் கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள், நேற்றுத் திருடன் என்ற வாய்கள் "தம்பி, நம்ம கடப்பாரை ஒண்ணு கெடக்கா பாருப்பா" என்று கேட்டன. ஒன்றரை ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டினான், உரியவர் வந்து வாங்கினார், அவனும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

பையின் அடியில் ஒரு மூக்குத்தி இருந்தது.

அதை அவன் உயர்த்தியதும் வரிசையில் எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். எட்டுக்கல் மூக்குத்தி, அங்குச்சாமியின் மனைவி பாண்டியம்மாளுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அது காணாமல் போனபோது, அவர்களுடைய வயலில் பூண்டு உரித்த மாரிக்கண்ணுதான் எடுத்தாள் என்று இதே மந்தையில் நிறுத்தி, அவளை அடித்து, இரண்டு சேலையோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பாண்டியம்மாள் மூக்குத்தியை வாங்கவில்லை. மண் ஒட்டியிருந்த திருகாணியை மட்டும் பார்த்தாள். "வயல்லயே விழுந்து கெடந்திருக்கு" என்றாள்.

அங்குச்சாமியும் இரண்டு பேரும் மத்தியான பஸ்ஸில் மாரிக்கண்ணு பிழைக்கப் போயிருந்த கீழ்மலைக்குப் போனார்கள். அவள் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டாள், கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"மூக்குத்தி கெடச்சிருச்சு. சரி. என் பதினோரு வருசம் எந்தப் பைக்குள்ள வரும், தலைவரே?"

அவர்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். சாயங்காலம் டீக்கடையில் அங்குச்சாமி டீ வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரார் ஒன்றரையைச் சந்தேகப்படுவதைக் குறைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். தொலைந்தது வரும் என்றால் தொலைத்தது யார் என்பதும் வரும், ஒளித்தது வரும், ஒளித்த கையும் வரும் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடந்தது. அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தான், மாமியார் மருமகளின் பெட்டியைப் பார்த்தாள். இவன் இருந்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள், இன்றைக்கே போய்விடட்டும் என்று மீதிப் பேர் சொன்னார்கள், யார் எந்தப் பக்கம் என்பதை மற்றவர்கள் மனதில் குறித்து வைத்துக்கொண்டார்கள். போகட்டும் என்றவர்களில் சடையாண்டிதான் முதல் ஆள். அவர் சொன்னதோடு நிற்கவில்லை, பஸ் டிரைவர் மூலமாக ஸ்டேஷனுக்குத் தகவலும் அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஏட்டு வந்தார். பையைத் தானே சோதிக்க வேண்டும் என்று கையை உள்ளே விட்டார், விட்ட கை கொஞ்ச நேரம் அசையவில்லை, பிறகு ஒரு போலீஸ் விசிலோடு வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மந்தப்பாறைத் தேர் பந்தோபஸ்தில் அவர் தொலைத்த விசில் அது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டக் காட்டு."

பாஸ்போர்ட் இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை, சட்டைக்குள் கட்டியிருந்த துணிப்பையில் இல்லை, குளிக்கப் போனபோது ஆணியில் மாட்டிவிட்டுப் போன கோட்டில் இல்லை. ஒன்றரை அந்தச் சின்ன அறையை மூன்று முறை தலைகீழாகப் புரட்டினான். ஊரில் எல்லாருடைய பொருளும் வந்துகொண்டிருந்த நாளில் அவன் பொருள் ஒன்று போய்விட்டது.

"கடிதாசு இல்லாத ஆள நான் இங்க விட்டுட்டுப் போக முடியாது," என்றார் ஏட்டு. குரலில் கடுமை இல்லை. "நாளைக்குக் காலைல ஜீப்போட வாரேன். அதுக்குள்ள கெடச்சா பாரு. இல்லாட்டி ஆளும் வரணும், பையும் வரணும்."

ஒன்றரை கட்டிலில் உட்கார்ந்தான். சனிக்கிழமை விமானம் போய்விடும், திங்கட்கிழமை அண்ணன் பக்கத்தில் வேறு யாராவது நிற்பார்கள். சாமந்தி மாலை ஜன்னலில் வாடிக் கிடந்தது. மாலை போட்டவர்களில் ஒருத்தரோ திருடன் என்றவர்களில் ஒருத்தரோ எடுத்திருக்க வேண்டும், யார் என்று அவனால் சொல்ல முடியவில்லை. இந்த ஊரார் அவனைப் பார்த்ததுபோலவே அவனும் இப்போது ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான்.

மத்தியானம் ஒருவேளை கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று பைக்குள் இன்னொரு முறை கையை விட்டான். காலையில் மட்டும் கொடுத்துவந்த பை அன்று மத்தியானமும் கொடுத்தது. டீத்தூள் வந்த பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு கட்டுக் கடிதங்கள். கையெழுத்துத் தமிழ் அவனுக்குப் படிக்க வராது. அப்படியே வேலுத்தாயிடம் கொடுத்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஐந்தாவது வரை படித்தவள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். மொத்தம் பதினாலு கடிதம், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. முத்திரைத் தேதி பார்த்து அடுக்கி, ஒன்றாவதிலிருந்து தொடங்கினாள். அம்மா நான் நல்லாயிருக்கேன். அம்மா எனக்கு ஏழாம் மாசம். அம்மா பொம்பளப் புள்ள, ஒன்னய மாதிரியே மூக்கு. அப்பா போனுக்குக் கூப்பிட பயமா இருக்கு, நீயா ஒரு வரி எழுது. பதினாலாவது இரண்டு வருஷத்துக்கு முந்தையது. இதுக்கும் பதில் வரலைன்னா நீயும் அவுகளோட சேந்துட்டேன்னு நெனச்சுக்கிறேன்.

மந்தப்பாறைக்குத் தபால் தனியாக வராது. பஸ்ஸில் வரும் தபால் பை சடையாண்டியின் கடையில்தான் இறங்கும், அவரிடமிருந்துதான் ஊர் வாங்கிக்கொள்ளும்.

வேலுத்தாய் கடைக்குள் போனாள். பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. கடிதக் கட்டைப் பாய்லர் பக்கத்தில் வைத்தாள்.

"இத யாரு தொலைச்சது?"

சடையாண்டி ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். பாய்லருக்குக் கீழே இருந்த டீத்தூள் டின்னை இழுத்து அவசரமாக உள்ளே கையை விட்டார். இருக்க வேண்டியது அங்கே இல்லை. கையில் அகப்பட்டது ஒரு சின்னக் கருஞ்சிவப்புப் புத்தகம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் பலகை மேல் வைத்தார். ஒன்றரையின் பாஸ்போர்ட்.

"தொலைக்கல," என்றார். "வச்சிருந்தேன்."

"ஏழு வருசமா?"

"நாளைக்குக் குடுப்போம் நாளைக்குக் குடுப்போம்னுதான் வச்சேன். முத லெட்டரு வந்தப்ப கோவம். ரெண்டாவது வந்தப்ப, மொதலாவது எங்கன்னு கேப்பியேன்னு பயம். அப்புறம் ஒண்ணொண்ணுக்கும் அதே பயந்தான்."

"எரிச்சிருக்கலாம்ல," என்றார் அங்குச்சாமி மெதுவாக.

"மனசு வரல. படிக்கவும் தெரியாது. யாருகிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொன்னா ஊருக்குத் தெரிஞ்சுபோகும்." சடையாண்டி மனைவியைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கா?"

இருபத்தொன்பது வருஷத்தில் வேலுத்தாய் அவரை ஒருமையில் பேசியதில்லை. "நீ ஏன் கேக்குற?" என்றாள். கடிதங்களை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

ஒன்றரை வாசலில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். பாஸ்போர்ட்டை எடுத்து, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தான். "ஏன் ஐயா?" என்று கேட்டான்.

"போலீசு ஒன்னயப் பையோட கொண்டுபோயிரும்னு நெனச்சேன்," என்றார் சடையாண்டி. "வேற ஒண்ணுமில்ல தம்பி."

வெள்ளிக்கிழமை காலை ஏட்டு ஜீப்பில் வந்து பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எட்டரை மணி பஸ்ஸில் ஒன்றரை ஏறினான், அவனுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையோடு வேலுத்தாயும் ஏறினாள். ஊர் முழுவதும் நின்று பார்த்தது. பாதிப் பேருக்கு அவன் போவது நிம்மதியாக இருந்தது, கடப்பாரை வராதவர்களுக்கு வருத்தமாக இருந்தது, எல்லாருக்கும் வேலுத்தாய் மேல் புதுச் சந்தேகம் வந்திருந்தது, இவ்வளவு நாளும் இவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்று. அங்குச்சாமி ஜன்னல் பக்கம் வந்தார்.

"எந்த ஊர்ல இருக்கா புள்ள?"

வேலுத்தாய் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்ற சடையாண்டியின் அண்ணன் தம்பிகளைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

கடைசியாகச் சடையாண்டி வந்தார். "நானும் வரட்டா?"

"வேணாம்."

"கேட்டேன்னு சொல்லு."

பஸ் கிளம்பிவிட்டது.

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் அவன் மதுரைக்கும் அவள் திருப்பூர் பக்கமும் பிரிய வேண்டியிருந்தது. ஒன்றரை பையைத் திறந்து பார்த்தான். சட்டைகள், காலுறைகள், ஒரு பல் துலக்கும் பிரஷ், ஈரம் காயாத துண்டு. எல்லாம் அவனுடையவை. கொஞ்சம் ஏமாற்றமாகவும் கொஞ்சம் இலேசாகவும் இருந்தது.

"உங்கள் மகளுக்கு உங்களை அடையாளம் தெரியுமா, அம்மா?"

"தெரியும்," என்றாள் வேலுத்தாய். "தெரிஞ்சாலும் கதவத் தொறப்பாளான்னுதான் தெரியல." அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். அண்ணன் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிடச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

மந்தப்பாறையில் அதற்குப் பிறகு எந்தப் பையும் எதையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் ஒருவர் பையைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார், தபால் பையைக் கடையில் இறக்கவிடாமல் நான்கு பேர் முன்னிலையில் மந்தையில் பிரித்தார்கள், சடையாண்டி டீத்தூளைக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிக்கொண்டார்.

திருப்பூரில் வேலுத்தாய் கடித உறையில் இருந்த விலாசத்தைப் பலரிடம் காட்டி, ஒவ்வொருவரிடமும் அரைப் பக்கத்தை மட்டும் காட்டி, பேர் இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் கடைசிப் படியில் வந்து நின்றாள். தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது, நடுவில் சங்கிலி இருந்தது. சங்கிலிக்கு மேலே ஒரு கண்.

"யாரு அனுப்புனா?" என்றாள் தமயந்தி.

"யாரும் அனுப்பல ஆத்தா."

"கூட யாரு வந்திருக்கா?"

"தனியாத்தான் வந்தேன்."

"கீழ வண்டி நிக்கிதா?"

"பஸ்ஸுல வந்தேன். மூணு பஸ்சு மாறி."

கண் அவளை விட்டு நகரவில்லை. "பதினாலு லெட்டர் போட்டேன்."

"நேத்துத்தான் படிச்சேன்," என்றாள் வேலுத்தாய். மடியை அவிழ்த்துக் கடிதங்களைச் சங்கிலிக்குக் கீழே இடுக்கு வழியாக நீட்டினாள். உள்ளே இருந்த கை வாங்கிக்கொண்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது. மடிப்புகளில் அழுக்கு இல்லை, ஒருமுறை பிரித்த தாள்கள், கிழித்த ஓரம் இன்னும் வெள்ளையாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு குழந்தை "யாரும்மா?" என்று கேட்டது.

சங்கிலி கழன்றது. தமயந்தி கதவைத் திறந்து, அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தாள், கைப்பிடிச் சுவரில் எட்டிக் கீழே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வேலுத்தாய் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"கழட்டாத," என்றாள் மகள், அவள் கையைப் பிடித்து. "வெளிய கெடந்தா யாராச்சும் பாப்பாய்ங்க. செருப்போட உள்ள வாம்மா."